கூலன்ட் டேங்கில் டீத்தண்ணீர்

காலை ஆறரை மணி. இரவெல்லாம் நின்றிருந்த கார். இன்ஜினைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பானெட்டைத் தூக்கி, கூலன்ட் டேங்குக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தேன். மட்டம் கீழ்க்கோட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே நின்றது. அதில் குறையில்லை. நிறத்தில்தான் குறை. பத்து வருஷத்துக்கு முன் வண்டியை வாங்கியபோது ரோஜா நிறத்தில் இருந்தது, இப்போது பால் விடாத டீத்தண்ணீராக நின்றது.

மூன்று மாதம் முன்புதான் சர்வீஸ் விட்டிருந்தேன். பில்லில் 'கூலன்ட் டாப் அப், 180 ரூபாய்' என்று ஒரு வரி இருக்கிறது. "எல்லாம் ஓகே சார்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். டேங்க் வேறு கதை சொன்னது.

ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திருகினேன். இன்ஜின் ஆறியிருந்ததால்தான் தொட்டேன். மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தில் செங்கல் நிறத்தில் பிசுபிசுப்பான படிவு. ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, மூடி, மேலே 'விஷம்' என்று எழுதி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கூலன்ட்டின் அடிப்பொருளான எத்திலீன் கிளைக்கால் நாக்குக்கு இனிக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கும். குழந்தைகளும் நாயும் இருக்கும் வீட்டில் அதைத் தரைமட்டத்தில் வைக்கவே கூடாது.

அதிலிருந்து ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கையடக்கக் குழாய் மாதிரி ஒரு கருவி. 1,300 ரூபாய்க்கு வாங்கியது. உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ, அந்தக் குளிரில்தான் அந்தத் திரவம் உறையும். நம் ஊரில் எதுவும் உறையப் போவதில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் கிளைக்கால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள முடியும். பாதிக்குப் பாதி கலந்திருந்தால் கோடு மைனஸ் 37-க்குப் பக்கத்தில் நிற்கும். என் வண்டியில் மைனஸ் 4. பத்துக்கு ஒன்பது பங்கு வெறும் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்துவிட நினைத்தேன். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, குரோம்பேட்டையில் பத்து ரூபாய் டிக்கெட் எடுத்து மின்சார ரயில் ஏறினேன். எழும்பூரில் இறங்கி, பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு நடந்தேன். பதினைந்து நிமிட நடை.

புதுப்பேட்டையில் கடை எங்கே தொடங்குகிறது, தெரு எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது. நடைபாதை முழுக்கக் கதவுகள், பம்பர்கள், கியர்பாக்ஸ்கள். தரை எண்ணெயில் ஊறிக் கறுத்திருக்கிறது. மண்ணெண்ணெய் வாடையும், சுத்தியல் சத்தமும், நடுவில் சுக்கு காபிக்காரரின் மணியும். வாட்டர் பம்ப் குவியல் ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

முதலில் கையில் எடுத்ததில் இறக்கைச் சக்கரம் பாதிதான் இருந்தது. ஒவ்வொரு இறக்கையின் ஓரமும் கறையான் அரித்த பலகை மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. "ஓடி ஓடித் தேஞ்சது சார், லட்சம் கிலோமீட்டர் தாண்டுன வண்டி" என்றார் கடைக்காரர். தண்டைப் பிடித்துச் சுற்றினேன். வழுவழுவென்று சுற்றியது. ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. ஓடித் தேய்ந்திருந்தால் முதலில் பேரிங்கில்தான் தெரிய வேண்டும். பேரிங் புதுசு போல இருந்தது, இறக்கைதான் காணாமல் போயிருந்தது. இது ஓட்டத்தால் வந்த தேய்மானம் இல்லை, அரிப்பு.

அதே குவியலில் அதே அச்சில் வார்த்த இன்னொரு பம்பைத் தேடி எடுத்தேன். இதில் பேரிங் கடகடவென்று ஆடியது. உண்மையிலேயே ஓடிக் களைத்த பம்ப் இதுதான். ஆனால் இறக்கைகள் முழுசாக, ஓரம் கூர்மையாக இருந்தன. உள்பக்கம் விரலை விட்டால் வழுக்கியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் தண்ணீர் ஓடியிருக்கிறது, இன்னொன்றில் கூலன்ட் ஓடியிருக்கிறது. "எது வேணும்னாலும் 400 ரூபா" என்றார் அவர். அடுத்த கடையில் ஒரு சிலிண்டர் ஹெட். அலுமினியம். தண்ணீர் போகும் துளைகளைச் சுற்றி அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஒரு குழி கேஸ்கெட் உட்காரும் இடம்வரை வந்துவிட்டிருந்தது.

இரண்டு கட்டடம் தள்ளி ஒரு ரேடியேட்டர் பட்டறை. பழைய லாரி ரேடியேட்டர் ஒன்று தொட்டியில் கிடந்தது. செம்பும் பித்தளையும் சேர்ந்தது, ஈயம் வைத்துப் பற்றவைத்தது. இதைப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தித் திரும்பவும் ஓட்டலாம். சுவரோரம் சாய்த்திருந்தவை இப்போதைய கார்களின் ரேடியேட்டர்கள். நடுவில் அலுமினியம், இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. பட்டறைக்காரர் ஒன்றின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து காட்டினார். தட்டையான குழாய்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் வாயும் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு அளவுதான். எண்ணிப் பார்த்தேன். 38 குழாய்களில் 11 வெள்ளையாக அடைத்திருந்தன. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு உதிர்ந்தது. வீட்டில் வெந்நீர் போடும் கெட்டிலின் அடியில் படிகிறதே, அதே உப்பு. "போர் தண்ணி ஊத்துன வண்டி. இதுக்குள்ள கம்பி விட முடியாது, கிழிஞ்சுடும். புது கோர்தான். 3,200 ஆகும்" என்றார். அவர் சொன்னதும் கண்ணில் பட்டதும் ஒன்றாகவே இருந்தன.

கூலன்ட் என்ற பெயரே கொஞ்சம் திசை திருப்பிவிடுகிறது என்று அந்தப் பட்டறை வாசலில் தோன்றியது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை கிளைக்கால் மிஞ்சாது. குளிர்விப்பது மட்டுமே வேலை என்றால் தண்ணீரே போதும். அதில் கலந்திருக்கும் மருந்துதான் முக்கியம். இரும்பு, அலுமினியம், ஈயப்பற்று, ரப்பர் எல்லாம் ஒரே திரவத்தில் நனைந்து கிடக்கும் இடத்தில் எதுவும் எதையும் அரிக்காமல் காப்பது அந்த மருந்துதான். கிளைக்கால் இன்னொரு காரியமும் செய்கிறது. அழுத்தம் இல்லாமல் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை, மூடியின் அழுத்தமும் சேர்ந்தால், 125 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மே மாதம் ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும் வண்டிக்கு அந்த 25 டிகிரி பெரிய காப்பு.

கூவம் பாலத்தைத் தாண்டி, அண்ணா சாலையைக் கடந்து ஜி.பி. ரோடு வந்து சேர 25 நிமிடம் ஆனது. இங்கே எல்லாம் புதுசு. சீட் கவரின் ரெக்ஸின் வாசனை தெருவரை வருகிறது. மூன்று கடைகளில் ஒரே வார்த்தையைச் சொன்னேன்: "கார் கூலன்ட் வேணும்."

முதல் கடையில், "பெட்ரோலா, டீசலா? பெட்ரோலுக்கு பச்சை, டீசலுக்கு சிவப்பு." இரண்டாவதில், "பச்சை பழைய டைப் சார், சிவப்பு வாங்கிக்கங்க, அதான் லாங் லைஃப்." மூன்றாவதில், "எதை வேணா ஊத்தலாம், கலர்தான் வேற."

மூன்றாவது கடையில் கூட்டமில்லை. அனுமதி கேட்டு, ஒன்பது பாட்டில்களைக் கவுன்டரில் வரிசையாக வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். பச்சையிலேயே இரண்டு வகை இருந்தது. ஒன்று இரண்டு வருஷத்தில் மாற்றச் சொன்னது, இன்னொன்று ஐந்து வருஷம் என்றது. சிவப்பு ஒன்று பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் என்று போட்டிருந்தது. நிறம் என்பது கம்பெனி கலக்கும் சாயம், அவ்வளவுதான். எந்த நிறம் எந்த வகை என்று பொது விதி கிடையாது. முதல் இரண்டு கடைகளில் சொன்னது அந்தக் கவுன்டரிலேயே பொய்யானது.

மூன்றாவது கடைக்காரர் சொன்னதும் சரியில்லை. உள்ளே இருக்கும் மருந்து வேறு வேறு. பழைய வகையில் சிலிகேட் போன்ற உப்புகள் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓ.ஏ.டி. என்ற வகையில் கரிம அமிலங்கள், அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் நெடுநாள் வரும். இரண்டையும் சேர்த்தது ஹைப்ரிட். ஜப்பானிய கார்க் கம்பெனிகள் பெரும்பாலும் பாஸ்பேட் சேர்த்த, சிலிகேட் இல்லாத ஹைப்ரிட்டைக் கேட்கின்றன. ஐரோப்பியக் கம்பெனிகள் பல சிலிகேட் சேர்த்ததைக் கேட்கின்றன. ஒன்றில் இன்னொன்றை ஊற்றினால் உடனே எதுவும் வெடிக்காது. ஆனால் ஐந்து வருஷம் வர வேண்டிய மருந்தின் ஆயுள் குறைந்துவிடும், சில கலவைகள் திரிந்து படிவாகவும் இறங்கும்.

என் வண்டியின் கையேட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். 'எத்திலீன் கிளைக்கால் அடிப்படை. சிலிகேட், அமைன், நைட்ரைட், போரேட் இல்லாதது. ஹைப்ரிட் கரிம அமிலத் தொழில்நுட்பம்' என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தது. நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வாக்கியத்தோடு ஒப்பிட்டால் ஒன்பதில் இரண்டுதான் தேறின. இரண்டிலும் ஜே.ஐ.எஸ். கே 2234, ஏ.எஸ்.டி.எம். டி3306, நம் நாட்டு ஐ.எஸ். 5759 என்ற தர எண்கள் அச்சாகியிருந்தன.

அடுத்துப் பார்த்தது, கலந்ததா கலக்காததா என்பது. நேராக ஊற்றும் பாட்டில்கள் லிட்டர் 190 முதல் 310 வரை. தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டிய கான்சென்ட்ரேட் 420. விலை மட்டும் பார்த்தால் முதலாவது மலிவு. பாதித் தண்ணீர் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் கான்சென்ட்ரேட்டும் அதே விலை வரம்புக்குள் வந்துவிடும். கான்சென்ட்ரேட்டை அப்படியே முழுசாக ஊற்றுவதும் தப்பு. வெப்பத்தைச் சுமக்கத் தண்ணீர் அதில் இருந்தாக வேண்டும்.

கவுன்டரின் மூலையில் பெயரில்லாத ஐந்து லிட்டர் கேன் ஒன்று. உள்ளே பளீரென்ற பச்சை. 250 ரூபாய். "டாக்ஸிக்காரங்க நிறைய வாங்குவாங்க" என்றார். திறந்திருந்த கேனிலிருந்து ஒரு சொட்டு கேட்டு வாங்கி ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டேன். கோடு பூஜ்ஜியத்தில் நின்றது. கடைக்காரரிடம் கொடுத்தேன். அவரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு நான் வாங்கப்போகும் வகையில், அவர் திறந்து வைத்திருந்த கலந்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு. மைனஸ் 36. அந்தக் கேனை அவர் காலால் தள்ளி உள்ளே வைத்தார்.

மூன்று லிட்டர் கான்சென்ட்ரேட் 1,260 ரூபாய். புது ரேடியேட்டர் மூடி 250. பழையதில் இருந்த அதே 1.1 என்ற எண் புதியதிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். மூடிதான் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால், எவ்வளவு நல்ல கூலன்ட்டும் சீக்கிரம் கொதித்துவிடும்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் குரோம்பேட்டை. வழியில் பேட்டரிக் கடையில் உப்பு நீக்கிய டி.எம். வாட்டர் இரண்டு கேன், பத்து லிட்டர், 200 ரூபாய். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்து ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பல வருஷமாகத் தெரிந்த மெக்கானிக் அண்ணன். ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்தபடியே, "ரேடியேட்டரைக் கழுவிடலாம் சார். அப்படியே தெர்மோஸ்டாட்டையும் கழட்டிடறேன், சூடே ஏறாது" என்றார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்று ஹோஸ் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டேன். 1,140. ஷெட்டில் இருந்த குடிதண்ணீர் கேனில் 64. நான் வாங்கிப்போன டி.எம். வாட்டரில் 2. மீட்டரை அவர் கையில் கொடுத்தேன், மூன்றையும் திரும்ப அவரே பார்த்தார். "இதைத்தானா இத்தனை நாளா ஊத்திட்டிருந்தேன்" என்று ஹோஸைச் சுருட்டி வைத்தார். புதுப்பேட்டையில் நகத்தால் சுரண்டிய வெள்ளை எங்கிருந்து வந்தது என்று இப்போது கணக்கு முடிந்தது. குடிதண்ணீர் கேன் அவசரத்துக்கு உதவும். நிரந்தரமாக ஊற்ற டி.எம். வாட்டர்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்ற நான் சம்மதிக்கவில்லை. மெழுகு நிரப்பிய சின்ன வால்வு அது. 80-க்கு மேல் சூடேறினால்தான் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அதைக் கழற்றினால் இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகும், தேய்மானம் கூடும். சூடு ஏறுகிற வண்டிக்குக் காரணத்தைத் தேடாமல் இதைக் கழற்றினால் நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

ஒரு கிலோமீட்டர் ஓடிய சூடுதான் என்றாலும் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அண்ணன் வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிய தோல். பதினெட்டு வயதில் சூடான ரேடியேட்டர் மூடியைத் திருகியபோது அடித்த நீராவி. பக்கத்தில் ஒரு கார் ஹெட் கழற்றி நின்றது. ஹெட்டின் மேல் எஃகு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் காட்டினார், நடுவில் இடைவெளி தெரிந்தது. சூட்டில் வளைந்துவிட்டது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளை நுரை. ஆயிலில் தண்ணீர் கலந்ததற்கு அடையாளம். "பேசிங், கேஸ்கெட், ஆயில் எல்லாம் சேத்து 22 ஆயிரம் சொல்லியிருக்கேன்" என்றார்.

கீழே இருக்கும் பிளக்கைத் திறந்து, அளவுக்கோடு போட்ட வெள்ளை வாளியில் பிடித்தோம். 2.8 லிட்டர் வந்தது, நின்றுவிட்டது. கையேட்டில் மொத்தம் 4.2 லிட்டர். மிச்சம் 1.4 லிட்டர் இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே தங்கிவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டி.எம். வாட்டர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்து, இரண்டு முறை அலசினோம். இரண்டாவது முறை வந்தது கிட்டத்தட்டத் தெளிந்திருந்தது. இப்போது உள்ளே தங்கியிருப்பது 1.4 லிட்டர் தண்ணீர். இதன் மேல் கடையில் கலந்து விற்கும் கூலன்ட்டை 2.8 லிட்டர் ஊற்றினால், அதில் கிளைக்கால் பாதிதான், 1.4. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அதனால்தான் கான்சென்ட்ரேட் வாங்கினேன். அதில் 2.1 லிட்டர், டி.எம். வாட்டர் 0.7 லிட்டர். உள்ளே கிடப்பதோடு சேர்ந்து சரிபாதி.

ஊற்றுவதும் பொறுமையான வேலை. மெல்லிய நூலாக ஊற்றினார் அண்ணன், நான் மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். குபுக் குபுக்கென்று காற்று வெளியே வந்தது. உள்ளே காற்றுக் குமிழி மாட்டினால், அந்த இடம் மட்டும் கொதிக்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டோம். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கியது, இன்னும் ஊற்றினோம். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகுதான் புது மூடியைப் போட்டோம். மணி ஏழு. கூலி 600. மொத்தச் செலவு 2,310 ரூபாய்.

வாளியில் இருந்த பழையதை வாசல் சாக்கடையில் ஊற்றப் போனான் ஷெட்டுத் தம்பி. தெருநாய் ஒன்று அங்கேதான் படுத்திருந்தது. காலியான டி.எம். வாட்டர் கேனில் ஊற்றி, மூடி எடுத்துக்கொண்டேன். மறுநாள் கழிவு சேகரிக்கும் சர்வீஸ் சென்டர் ஒன்றில் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மேல்தட்டில் இருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் இருந்திருக்கிறது. அடியில் அரை விரல்கடை உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் துரு. மேலே இருந்த திரவம் தெளிந்தும் பழுப்பாகவே நின்றது. முதலில் இருந்த ரோஜா நிறத்தின் மேல் யாரோ பச்சையை ஊற்றியிருக்கிறார்கள். அந்த இரண்டும் சேர்ந்த பழுப்பு அது. துருவும் உண்டு, கலப்படமும் உண்டு. முதல் மாற்றம் 1,60,000 கிலோமீட்டரில் என்கிறது கையேடு. என் வண்டி ஓடியது 92,000தான். அந்தக் கணக்கு, சரியான கூலன்ட் மட்டுமே உள்ளே இருக்கும் வண்டிக்கு. குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றிய வண்டிக்கு அது பொருந்தாது. மூடிய அமைப்பில் கூலன்ட் அடிக்கடி குறைகிறது என்றாலே எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். தேட வேண்டியது அந்த இடத்தை.

மறுநாள் காலை ஆறரைக்கு அதே டார்ச், அதே டேங்க். மட்டம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது, இரவில் மிச்சக் காற்று வெளியேறியிருக்கிறது. மிச்சமிருந்த கான்சென்ட்ரேட்டில் பாதிக்குப் பாதி கலந்து 200 மில்லி ஊற்றினேன். ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டேன். மைனஸ் 35. கிளைக்கால் எவ்வளவு என்பதைத்தான் இந்தக் கருவி காட்டும், மருந்து மிச்சமிருக்கிறதா என்று காட்டாது. அதனால் மாஸ்க்கிங் டேப்பில் தேதியையும் கிலோமீட்டரையும் கூலன்ட்டின் வகையையும் எழுதி டேங்கின் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அடுத்து பானெட்டைத் திறப்பவர் நானாக இருந்தாலும் வேறு மெக்கானிக்காக இருந்தாலும், நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. அந்த வரியைப் படித்தால் போதும்.